பிச்சி வயிற்றில் குரைத்தவை

மழை விட்டு, ஊமத்தங்குளத்துக் கரிசல் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில் பிச்சியின் வயிற்றுக்குள்ளிருந்து முதல் குரைப்பு கேட்டது. தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கு நேரமாகிவிட்டதென்று குருவம்மா நின்றபடியே கம்மங்கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள், பிச்சி அவள் காலடியில் படுத்திருந்தாள், நாயின் வாய் மூடியிருந்தது, கண்ணும் மூடியிருந்தது, ஆனாலும் விலா ஏறி இறங்குகிற இடத்திலிருந்து, மூடிய பானைக்குள் கல் விழுந்த மாதிரி, கனத்த குரலில் ஒரு குரைப்பு வந்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல மறுபக்கத்து விலாவிலிருந்து கீச்சென்று இன்னொன்று வந்தது. குருவம்மா சட்டியை வைத்துவிட்டுக் குனிந்து காதுகொடுத்துக் கேட்டாள். அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. ஆச்சரியம் வந்து உட்கார வேண்டிய இடத்தில் கோபம் ஏற்கெனவே கால்நீட்டிப் படுத்திருந்தது.

"குலைங்க," என்றாள் வயிற்றைப் பார்த்து. "உங்களுக்காவது குலைக்க முடியுதே."

பிச்சி அவள் நாய். அதில் ஊருக்குச் சந்தேகம் இருந்ததில்லை, சந்தேகப்படுகிற அளவுக்கு அந்த நாய்க்கு முதலில் மதிப்பும் இருந்ததில்லை. குருவம்மா புருசன் வீட்டிலிருந்து திரும்பி வந்த வருசம், வேட்டைநாய் வளர்க்கிற யாரோ, ஈத்தில் நோஞ்சானாக விழுந்த ஒரு பொட்டைக்குட்டியை உடைமரக்காட்டில் வீசிவிட்டுப் போயிருந்தார்கள். முள்ளுக்குள் கிடந்து முனகிய அதைத் தூக்கிவந்து, துணித்திரியை ஆட்டுப்பாலில் நனைத்துச் சப்பவைத்து, தன் சேலைக்குள்ளேயே சுருட்டிவைத்துக் காப்பாற்றியவள் அவள்தான். அப்போது அவளே வீசப்பட்டவளாகத்தான் இருந்தாள். பிள்ளை தங்காத வயிறு என்று சொல்லிப் புருசன் வேறொருத்தியைக் கூட்டிவந்தபோது, பஸ் ஏறி வந்தவளை, இனி யார் வைத்துக்கொள்வது என்று ஊர் சமுதாயக் கூடத்தில் கூடிப் பேசியது. மூத்த அண்ணன் கொம்பையா தன் வீட்டில் இடமில்லை என்றான். இளையவன் செல்லச்சாமி தன் பெண்டாட்டிக்கும் அவளுக்கும் ஒத்துவராது என்றான். கடைசியில் இரண்டு பேர் வீட்டுக்கும் பொதுவாகப் பின்னால் கிடந்த மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கம் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்தார்கள். அதற்குள் நாயும் வந்தபோது, ஒரு வயிற்றுக்கே வழியில்லை, இதில் நாய் வேறா என்று இரண்டு அண்ணன்களும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசியது அநேகமாக அதுதான் கடைசி.

நோஞ்சான்குட்டி வளர்ந்தது. இடுப்பு வளையல்போல ஒடுங்கியது, நெஞ்சு இறங்கியது, கால்கள் நீண்டன, காட்டில் அவள் அவிழ்த்துவிட்டால் காற்றில் துணி பறப்பதுபோல ஓடியது. பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வைத்த நாய் ஓட்டத்தில், கார்களில் வந்திறங்கிய நாய்களையெல்லாம் பின்னால் விட்டு அது எல்லைக்கயிற்றைத் தாண்டியதை யாரோ போனில் எடுத்துப் போட, ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் அதன் குட்டி கேட்டு கொம்பையாவுக்கும் செல்லச்சாமிக்கும் போன் செய்யத் தொடங்கினார்கள். குருவம்மாவுக்கு யாரும் செய்யவில்லை. எண்ணைக் கேட்டவர்களுக்கு ஊர் கொடுத்தது அண்ணன்களின் எண்களைத்தான்.

பிச்சி பருவத்துக்கு வந்தபோது, குருவம்மா ஆபீஸில் தீப்பெட்டிகளை அடுக்கிப் பண்டல் கட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில், கொம்பையா அரிசி மில்காரரின் கறுப்புக் கன்னி இனத்துக் கடுவன் நாயை வேனில் ஏற்றிவந்து இறக்கினான். அவள் சாயங்காலம் வந்து பார்த்தபோது பிச்சி மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், மூக்குத்தண்டில் கயிறு இறுக்கிய தடம் இருந்தது, கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. கொம்பையா அது நல்ல சாதிக் கடுவன், கிடைப்பதே பெரிது என்றான். இதைக் கேட்ட செல்லச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் முந்திக்கொண்டானே என்று கொதித்தவன், நாய்க்கு ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் அமையும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாளே ஒரு செவலைச் சிப்பிப்பாறைக் கடுவனைக் கூட்டிவந்தான். அதே மூலை, அதே கயிறு, அதே பகல் நேரம். அன்றைக்குக் குருவம்மா அந்தக் கயிற்றை எடுத்து அடுப்பில் வைத்தாள். நாயைப் பிடித்தவர்கள் யார், வாயைக் கட்டியவன் யார், பக்கத்தில் நின்று சிரித்தவர்கள் யார் என்று தெருவில் நின்று ஒவ்வொரு வாசலாகக் கேட்டாள். நாய்க்குப் போய் இவ்வளவு ஆத்திரமா என்று பெண்களே சொன்னார்கள். அவள் கேட்டது நாய்க்கு மட்டுமா என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் சொல்லவில்லை.

அப்படித்தான் பிச்சியின் வயிற்றில் குரைப்பு உண்டானது.

முதலில் அக்கம்பக்கத்தார் வந்து கேட்டார்கள், பிறகு மேலத்தெரு வந்தது, பிறகு டவுனிலிருந்து தயிர் விற்க வருகிறவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டுப்போனாள். எல்லாரும் கேட்டார்கள், கேட்டுவிட்டு இடப்பக்கம் குரைப்பது கன்னியின் பிள்ளைகள், தொண்டை கனமாக இருக்கிறது என்றும், வலப்பக்கம் குரைப்பது சிப்பிப்பாறை, சன்னமாக இருந்தாலும் விடாமல் குரைக்கிறது என்றும் பேசிக்கொண்டே போனார்கள். பிறக்காத நாய் குரைக்குமா என்று கேட்டவர்கள் குறைவு, எந்தப் பக்கம் நன்றாகக் குரைக்கிறது என்று கேட்டவர்களே அதிகம். கொம்பையா வந்தால் இடப்பக்கம் ஓய்ந்து வலப்பக்கம் சீறியது, செல்லச்சாமி வந்தால் வலப்பக்கம் ஓய்ந்து இடப்பக்கம் உறுமியது, இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும் என்று இரண்டு பேரும் ஊரைக் கூட்டிக் காட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் ஊமத்தங்குளம் இடப்பக்கத்தார் என்றும் வலப்பக்கத்தார் என்றும் இரண்டாகியது. டீக்கடையில் இரண்டு பெஞ்சும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டித் திரும்பின, தண்ணீர்க் குழாயடியில் இரண்டு வரிசை நின்றது, சம்பந்தம் பேசிப் பூ வைத்திருந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளை வலப்பக்கம் என்று தெரிந்து நாளைத் தள்ளிப்போட்டார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி மட்டும் எந்தப் பக்கமும் சேராமல், இரண்டு பக்கத்து எலுமிச்சம்பழத்தையும் வாங்கிக்கொண்டார்.

பிச்சிக்குத் தூக்கம் போனது. உள்ளே கிடப்பவை ஒன்றையொன்று பார்த்துக் குரைக்கக் குரைக்க, அவள் எழுந்து நிற்பாள், சுற்றுவாள், படுப்பாள், திரும்ப எழுவாள். தொட்டியில் தண்ணீர் குடிக்கப் போனால் தன் வயிற்றுச் சத்தத்துக்குத் தானே மிரண்டு பின்வாங்கினாள். அவள் சொந்தமாகக் குரைப்பதை நிறுத்தி வெகுகாலமாகியிருந்தது. குட்டி போட வேண்டிய காலம் வந்தது, கடந்தது, வயிறு தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியும் குட்டிகள் வெளியே வரவில்லை. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து குழாயைக் காதில் மாட்டி வயிற்றில் வைத்துப் பார்த்து, உள்ளேயிருந்து வந்த குரைப்பில் குழாயைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பிச்சியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். இனித் தாங்காது, டவுனுக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கீறித்தான் எடுக்கவேண்டும் என்றார். கீறலாம், ஆனால் தன் பக்கத்தில் கத்தி படக்கூடாது என்றான் கொம்பையா. தன் பக்கத்தில் மட்டும் படலாமா என்றான் செல்லச்சாமி. டாக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, குருவம்மாவிடம் மட்டும் பேசினார், மாத்திரை கொடுத்தார், எந்த நேரமும் போன் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். டவுனுக்குக் கொண்டுபோக வண்டி தர இரண்டு பக்கத்திலும் ஆளில்லை.

ஊர்த் தலைவர் சீமைச்சாமி சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார். பிச்சியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நடுவில் படுக்கவைத்தார்கள். இடப்பக்கத்தார் ஒரு சுவரோரமும் வலப்பக்கத்தார் மறுசுவரோரமும் உட்கார, குருவம்மா கதவோரத் தூணில் சாய்ந்து நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. வெகுநேரம் பேசியபிறகு, குட்டிகள் பிறந்தபிறகு நிறம் பார்த்துப் பிரித்தால் சண்டைதான் வரும், அதனால் இப்போதே ஊரறியப் பிரித்துவிடலாம் என்று முடிவாகி, தலைவர் கோயில் சுவருக்குப் பூச வைத்திருந்த காவியைக் குழைத்துக் கொண்டுவரச் செய்தார். பிச்சியின் பிடரியில் தொடங்கி முதுகுத்தண்டு வழியாக வால் வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். இந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் மூத்தவன் கூறு, அந்தப்பக்கம் இளையவன் கூறு. எல்லாரும் தலையாட்டினார்கள். பிச்சி எழுந்தாள், மூச்சிரைக்க ஒரு சுற்றுச் சுற்றி எதிர்த்திசையில் படுத்தாள். இந்தப்பக்கம் அந்தப்பக்கமானது. இரண்டு சுவரோரமும் சத்தம் கிளம்பியது. நாயைப் பழையபடி திருப்பிப் போடுங்கள் என்று ஒருவன் எழுந்து அவள் பின்னங்காலைப் பிடித்தான்.

"காலை விடு," என்றாள் குருவம்மா.

பிடித்தவன் விட்டான். அவள் தூணைவிட்டு நடுவில் வந்து நின்றாள். கூட்டம் பேசிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பிச்சியின் வயிறு நின்றுவிட்டது. கோடைமழை நின்றதுபோலச் சட்டென்று, இரண்டு பக்கமும். அந்த அமைதி என்னவென்று புரியாமல் கூட்டமும் ஒவ்வொருவராக வாயை மூடியது.

"மாமா," என்றாள் தலைவரைப் பார்த்து, "நான் அன்னைக்கு வந்து நின்னதும் இந்தத் தூண்கிட்டத்தான். யாரு வச்சுக்கிறதுன்னு நீங்க கேட்டீங்க. எடமில்லன்னான் அவன். ஒத்துவராதுன்னான் இவன். என் முதுகுல கோடு போட்டு ஆளுக்குப் பாதின்னு அன்னைக்கு எவனும் கேக்கல."

அண்ணன்களை அவன் இவன் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. கொம்பையா எழப்போனான், தலைவர் கையமர்த்தினார்.

அதன்பிறகு அவள் பேசியதை ஊர் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது, ஆளுக்கொரு விதமாக. பிள்ளை தங்காத வயிறு என்று தன்னைத் தள்ளியவர்களும், பிள்ளை தங்கிய வயிறு என்று இதைப் பிடிப்பவர்களும் ஒரே ஆட்கள்தானே என்று கேட்டாள். காலியாக இருந்தால் வாசலில் நிறுத்துவீர்கள், நிறைந்திருந்தால் வாயைக் கட்டுவீர்கள், இதற்கு நடுவில் அந்த வயிற்றை வைத்திருப்பவள் என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள் என்று கேட்டாள். முள்ளுக்குள் இது கிடந்து முனகியபோது எந்தக் காது கேட்டது, இப்போது தோலுக்குள் குரைத்தால் மட்டும் ஊருக்கே கேட்கிறதா என்று கேட்டாள். குரல் உயரவில்லை. பண்டல் கட்டுகிறவள் சணலை இழுத்து இறுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக இறுக்கி வைத்தாள். பேசி முடித்ததும் கூடத்து மண்பானையிலிருந்து தண்ணீர் மோந்து, முந்தானையை நனைத்து, மண்டிபோட்டு அந்தக் காவிக்கோட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். காவி லேசில் போகவில்லை. அவள் திரும்பத் திரும்ப நனைத்துத் துடைத்தாள், முந்தானை சிவந்தது, கை சிவந்தது, யாரும் தடுக்கவும் இல்லை, யாரும் எழுந்து வந்து உதவவும் இல்லை. பிறகு அவளே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று மத்தியானமே பிச்சி குட்டி போட்டாள். கொம்பையாவின் பெண்டாட்டி சுப்புத்தாய், புருசன் பார்க்கிறான் என்று தெரிந்தும், ஒரு குண்டான் வெந்நீரைக் கொண்டுவந்து தட்டிக்கு வெளியே வைத்தாள்.

"உள்ள வாங்க மதினி," என்றாள் குருவம்மா. சுப்புத்தாய் போனாள்.

குட்டிகள் வரிசையாக வந்தன. கறுப்பும் இருந்தன, செவலையும் இருந்தன, யார் வேண்டுமானாலும் எளிதாகப் பிரித்துவிடலாம். ஆனால் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. கீச்சென்றுகூட இல்லை. வாயைத் திறந்தன, மூடின, மடியைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொண்டன. பிச்சி ஒவ்வொன்றையும் நக்கிவிட்டுத் தலையைச் சாய்த்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு தூங்கினாள்.

செய்தி கேட்டு அண்ணன்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் இரண்டு பக்கத்தாரும் வந்தார்கள். குருவம்மா தட்டி வாசலை மறித்து நின்றாள். கொம்பையா அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே போய், குனிந்து, கறுப்பெல்லாம் என் கூறு என்று சொல்லிக் கையை நீட்டினான். நீட்டிய கை குட்டியைத் தொடுவதற்குள், அவன் சட்டைக்குள்ளிருந்து, தொப்புளுக்கு இடப்பக்கமிருந்து, கனத்த குரலில் ஒரு குரைப்பு வந்தது. கொம்பையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். செல்லச்சாமி சிரித்தான். சிரித்தபடியே செவலையைத் தூக்கக் குனிந்தான், அவன் வயிற்றில் வலப்பக்கம் கீச்சென்று குரைத்தது.

குட்டிகள் பாலைக் குடித்துக்கொண்டேயிருந்தன.

அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் சிரித்தார்கள், அதன்பிறகு திரும்பிப் பார்ப்பதையும் விட்டார்கள். பஸ்ஸில் கொம்பையா ஏறினால் கண்டக்டர் நாய்க்கு டிக்கெட் கேட்டார், அவன் சட்டையைத் தூக்கிக் காட்டியபிறகும் நம்பாமல் சீட்டுக்கடியில் குனிந்து பார்த்தார். செல்லச்சாமி கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ஆள் எழுந்து போனது. ஸ்கேன் எடுத்த இடத்தில் வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள், சொன்னவரைப் பார்த்து வயிறு உறுமியது. செல்லச்சாமியின் பெண்டாட்டி, பக்கத்தில் படுத்தால் காதுக்குள் குரைக்கிறது என்று தாய்வீட்டுக்குப் போனாள். அண்ணனும் தம்பியும் தெருவில் எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டு வயிறும் ஒன்றையொன்று பார்த்து வெறிகொண்டு குரைக்கும் என்பதால், ஒருவன் போகும் தெருவில் மற்றவன் போவதில்லை. டீக்கடைப் பெஞ்சுகள் பழையபடி திரும்பிக்கொண்டன, குழாயடியில் ஒரே வரிசை நின்றது, தள்ளிப்போட்ட கல்யாணம் நடந்தது. தாங்கள் எந்தப் பக்கம் இருந்தோம் என்பதே நினைவில்லாதவர்கள்போல எல்லாரும் நடந்துகொண்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்கக் குருவம்மாவுக்கு எரிந்தது. கோடு போட்ட தலைவரே அவளை வழியில் பார்த்து, நாய் நல்லாயிருக்கா தாயி என்று விசாரித்தார்.

குட்டிகள் குரைக்காமலே வளர்ந்தன. குரைக்கவேண்டியதையெல்லாம் முன்பே குரைத்து முடித்துவிட்டன என்றார்கள். கண் திறந்து, தவழ்ந்து, தாயைப்போல ஓடத் தொடங்கியபோது, குருவம்மா ஆபீஸில் தன்னோடு வேலைசெய்யும் பெண்களில் தனக்குப் பிடித்தவர்களைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். சுப்புத்தாய்க்கு ஒன்று கொடுத்தாள், கறுப்பு. அதைக் கொம்பையா தொடாமல் பார்த்துக்கொள்வது சுப்புத்தாயின் பொறுப்பு என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

கடைசிக் குட்டியும் போனபிறகு ஒருநாள் காலையில், ஒரே தெருவில் நடக்கமாட்டாதவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டுக்கொட்டகைக்கு வந்தார்கள். வந்த வழியெல்லாம் குரைப்பு கேட்டது. இரண்டு பேரும் இளைத்திருந்தார்கள், வயிறு மட்டும் முன்தள்ளியிருந்தது. கொம்பையா அவள் அறைக்குள் அதுவரை உட்கார்ந்ததில்லை. அன்று தரையிலேயே உட்கார்ந்தான். சாப்பிட விடமாட்டேனென்கிறது, உறங்க விடமாட்டேனென்கிறது, கோயில் கோயிலாகப் போயும் அடங்கவில்லை என்றான். கூடத்தில் அவள் பேசியபோது பிச்சியின் வயிறு அடங்கியதை ஊரே பார்த்தது, அதேபோல ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான்.

"தங்கச்சி, நீ சொன்னா கேட்கும்," என்றான் செல்லச்சாமி. "சொல்லு தாயி."

அவள் பேசத் தொடங்குகிறாள் என்று தெரிந்து இரண்டு வயிறும் அடங்கின. அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியைக் குருவம்மா பார்த்தாள். இரக்கம் வருமா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள், தேடாமல் இல்லை. கயிற்றுத் தடம் விழுந்த மூக்கோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிச்சிதான் அங்கே இருந்தாள்.

"கூறு கேட்டீங்க," என்றாள். "அதுதான் உங்க கூறு. வளத்துக்கோங்க."

சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள், பிச்சியைக் கூப்பிட்டாள், வேன் வந்து நிற்கும் இடத்துக்குப் போனாள். கொம்பையா எழ முயன்றான், வயிறு கனத்தது, எழ முடியவில்லை. செல்லச்சாமி தூக்கிவிடக் கை நீட்டினான். கை கிட்டே வந்ததும் இரண்டு வயிறும் ஒன்றையொன்று பார்த்துக் குரைக்கத் தொடங்கின, அவன் கையை இழுத்துக்கொண்டான்.